பயணத்துக்கு முன் ஒரு கை தீனி

அன்று பைகளில் அத்தனை மீன்குஞ்சுகள் செத்ததற்குக் காரணம் காலையில் நான் போட்ட தீனியா, வழியில் அடித்த வெயிலா? ஒன்றரை வருடமாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் உண்டென்றால் அது நம் சூப்பர்வைசர்தான். அவரிடம் கேட்கும் துணிவு எனக்கு இதுவரை வரவில்லை.

பேக்கிங் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று தங்கைகளுக்கும் வணக்கம். உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நம் மீன்பண்ணையில் கேட்டார்கள். இப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு வயது இருபத்தொன்பதுதான். ஆறு வருடம் அந்த அறையில் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததிலிருந்து சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறேன். திரும்பி வருவேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து இதை எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து போய், மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். சில இடங்களில் கோர்வை விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை குஞ்சுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆக்சிஜன் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் திரும்ப எழுதவில்லை. சுவரில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

பள்ளியில் திறந்த அமைப்பு, மூடிய அமைப்பு என்று படித்திருப்பீர்கள். நானும் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்துபோனேன். மூடியில்லாமல் சோறு கொதிக்கும் பானை திறந்த அமைப்பு. ஆவி வெளியே போகிறது, சூடும் போகிறது, நாம் தண்ணீர் ஊற்றினால் உள்ளே சேர்கிறது. மூடிய அமைப்பில் பொருள் எதுவும் போகாது, வராது. சூடு மட்டும் போய்வரும். இதற்கு உதாரணமாகக் குக்கரைச் சொல்வார்கள். ஆனால் விசில் அடிக்கும்போது ஆவி வெளியேறுகிறதே, அப்போது அதை மூடியது என்று எப்படிச் சொல்வது? பரீட்சை அறையில்கூட இந்தச் சந்தேகம் வந்து பத்து நிமிடத்தை வீணடித்தேன். விசில் அடிக்கும்வரை மூடியது, அடித்த பிறகு திறந்தது என்று இப்போது சமாதானம் செய்துகொள்கிறேன். பொருள், சூடு இரண்டையுமே அடைத்துவிட்டால் அது தனித்த அமைப்பு. மகளின் பாலுக்கு வெந்நீர் வைக்கும் பிளாஸ்க் கிட்டத்தட்ட அப்படி. கிட்டத்தட்டத்தான். காலையில் ஊற்றிய வெந்நீர் மாலையில் வெதுவெதுப்பாகிவிடுகிறது.

நம் பண்ணையின் தொட்டிகள் திறந்த அமைப்பு. ஒரு பக்கம் புதுத் தண்ணீர் விழுகிறது, மறுபக்கம் பழையது வழிந்தோடுகிறது. கொஞ்சம் தீனி கூடப் போட்டாலும் தொட்டி அதைத் தள்ளிவிடும். அதனால் கை தாராளமாகிப் போகிறது. நாம் கட்டி அனுப்பும் பை அப்படியல்ல. ரப்பர் வளையம் போட்ட கணத்திலிருந்து உள்ளே இருப்பதுதான் இருக்கும். குஞ்சுகளின் மூச்சும் கழிவும் அதே தண்ணீரில்தான் கிடக்கும். பயணத்துக்கு முந்தின நாளே தீனியை நிறுத்துவது இதனால்தான். வெறும் வயிற்றோடு போனால்தான் பிழைக்கும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அன்று தீனி போட்டேன்.

அந்தக் குஞ்சுகள் லூனாஸ் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டியவை. பத்துப் பை திலாப்பியா. அந்தத் தோட்டத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து, ரப்பர் ஆலை இருந்த காலத்துக் குளம் ஒன்றைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். சரோஜா அக்காதான் அவர்களுக்குத் தலைவி. காலையில் செம்பனைக் காட்டில் எண்ணெய்க் குலை பொறுக்கும் வேலை, மாலையில் குளத்தில் பாசி அள்ளுவது என்று இரண்டு மாதம் பாடுபட்டுக் குளத்தைச் சுத்தம் செய்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் குளத்தில் மீன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செம்பனை நாற்றுப்பண்ணைக்குத் தண்ணீர் எடுக்கக் குளத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று தோட்டத்து அசிஸ்டண்ட் மேனேஜர் சொல்லியிருந்தார். நாங்கள் புறப்பட்டது மாதத்தின் கடைசி நாள். அதற்கு முன் இரண்டு முறை மழையால் தள்ளிப்போயிருந்தது.

நான் அப்போது மூன்று மாதக் கர்ப்பம். வயிறு காலியானால் தலை சுற்றும், குமட்டும். அதற்குப் பயந்து விடிவதற்குள் இரண்டு முறை சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வருவேன். அன்று தொட்டிக்கு அருகில் போனதும் குஞ்சுகள் என் நிழலைப் பார்த்து ஓடிவந்து வாயைத் திறந்தன. நேற்றிலிருந்து பட்டினி. நம் வீடுகளில் ஒருவர் வெளியூருக்குக் கிளம்பினால் என்ன செய்வோம்? "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்று வாசல் வரை தட்டோடு வருவோம். கொலைக் குற்றவாளி கிளம்பினாலும் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவோம் என்று என் கணவர் கேலி செய்வார். என் கை தானாகத் தீனி வாளிக்குள் போனது. ஒரு கை அள்ளி முதல் தொட்டியில் தூவினேன். இரண்டாவது தொட்டிக்குப் போவதற்குள் காக் வரும் சத்தம் கேட்டது. நம் சூப்பர்வைசரைத்தான் சொல்கிறேன், மலாய்க்காரர், அதனால் எல்லோருக்கும் அவர் அக்கா இல்லை, காக்தான். கையை டவுசரில் துடைத்துக்கொண்டேன்.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணன், பெட்டி தூக்க உள்ளே வந்திருந்தவர்.

"என்னா தங்கச்சி, பயணத்துக்கு முன்னால விருந்தா?"

"சும்மா இருங்க அண்ணே. ஒரு கைதான். ஒரு மணி நேரத்துல போயிரப் போறோம்."

"நான் ஒண்ணும் சொல்லலைலா. எனக்கு இன்னும் ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கல, அதான் கேட்டேன்."

முதல் தொட்டிக் குஞ்சுகள் ஆறு பையாயின. இரண்டாவது தொட்டியிலிருந்து நான்கு. ஆறையும் லாரியின் இடது பக்கம் அடுக்கினோம், நான்கை வலது பக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

பீடோங் வந்ததும் அண்ணன் நெடுஞ்சாலைக்குத் திருப்பினார். எனக்கு வேகம் ஆகவில்லை, குமட்டியது. பழைய ரோட்டிலேயே மெதுவாகப் போகலாமா என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் திருப்பினார். பாடாங் சிராய்க்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. சாலை முழுக்கக் குலைகள். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. மோட்டார் சைக்கிள்கள் மட்டும் சந்து பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு இன்னொன்று. காலை வெயில் கிழக்கிலிருந்து, அதாவது எங்களுக்கு இடது பக்கத்திலிருந்து, கேன்வாஸைத் துளைத்துக்கொண்டு இறங்கியது.

நான் பின்னால் ஏறிப் பார்த்தேன். இடது பக்கப் பைகளில் தண்ணீர் கலங்கியிருந்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காக்குக்குப் போன் செய்தேன். தீனியைப் பற்றிச் சொல்லவில்லை. வெயில், நெரிசல், குஞ்சு மேலே வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

"ஜாங்ஙான் புக்கா," என்றார். திறக்காதே. அதோடு போனை வைத்துவிட்டார். எப்போதும் அப்படித்தான்.

ஐந்து நிமிடம் பொறுத்தேன். வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு உயிரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சும்மா உட்காருவது எனக்கு முடியாத காரியம். கொஞ்சம் புதுக் காற்று கிடைத்தால் பிழைக்கும் என்று நினைத்தேன். ஒரு பையின் வளையத்தை அவிழ்த்தேன். புஸ் என்று காற்று போயிற்று. குஞ்சுகள் ஒரு கணம் அமைதியாயின. நான் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சில நிமிடங்களில் ஒவ்வொன்றாகத் துள்ள ஆரம்பித்தன. சுற்றின, புரண்டன, வெள்ளை வயிறு தெரிந்தது.

முனியாண்டி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி இது? கட்டிப் போட்டப்போ உசுரோட கெடந்துச்சு. அவுத்து விட்டதும் சாவுதே?"

அப்போதுதான் படித்தது ஞாபகம் வந்தது. குஞ்சுகள் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, மூடிய பைக்குள் தண்ணீரைப் புளிப்பாக்குகிறது. கழிவிலிருந்து வரும் அம்மோனியா அந்தப் புளிப்பில் வீரியம் குறைந்து கிடக்கிறது. பையைத் திறந்தால் வாயு ஓடிவிடும், புளிப்பு இறங்கும், அம்மோனியா விஷமாகும். நான் காற்றைக் கொடுத்ததாக நினைத்தேன். கொடுத்தது அதுவல்ல. அந்தப் பையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

தங்கைகளே, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பையைத் திறந்தால் உடனே கொட்டுவதற்குக் குளம் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். கையைக் கட்டிக்கொள்வதும் நம் வேலைதான். எனக்கு இன்றைக்கும் அது வரவில்லை. மகளைத் தொட்டிலில் போட்டுக் கதவைச் சாத்தினால் பத்து நிமிடத்தில் நானே திறந்து அவளை எழுப்பிவிடுகிறேன்.

நான் லாரியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அண்ணன் இறங்கிப் போய், சாலையோரக் கடையிலிருந்து இரண்டு தே ஐஸ், ஐஸ் போட்ட பால் டீ, பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். உங்களுக்குத் தெரியும், கடையில் இரண்டு விதமாகக் கட்டித் தருவார்கள். ஸ்ட்ரா போட ஓரத்தில் வழி விட்டுக் கட்டினால் இக்காட் தெப்பி. வழியே இல்லாமல் இறுகக் கட்டினால் இக்காட் மத்தி. அவர் கொடுத்தது இக்காட் மத்தி.

"குடிம்மா. வயித்துப் புள்ளக்காரி அழக்கூடாது."

"இதை எப்படிண்ணே குடிக்கிறது? வாயே இல்லாமக் கட்டி வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"ஆமாலா, கடக்காரன் அவசரத்துல கட்டிட்டான். பல்லால கடி."

நான் கடிக்கவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஆனால் உள்ளே ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. என் உள்ளங்கை மரத்துப்போனது. உள்ளங்கைச் சூடு பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. பைக்குள் எதையும் போட முடியாது, எதையும் எடுக்க முடியாது. சூட்டை மட்டும் எடுக்கலாம்.

"அண்ணே, அந்தக் கடையில ஐஸ் எவ்வளவு இருக்கும்?"

"எதுக்கு? ஒனக்கு இன்னொண்ணு வேணுமா?"

"எனக்கில்ல, இதுங்களுக்கு. பைக்கு வெளியே வைக்கணும். உடனே குளுந்திடக் கூடாது, மெதுவா குளுரணும்."

அண்ணன் ஓடினார். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது, வயிறும் பெரிது. கடைக்காரரின் ஐஸ் பெட்டியையே காலி செய்து இரண்டு வாளி கொண்டுவந்தார். பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, மேலே சாக்கு சுற்றி, பைகளுக்கு நடுவில் செருகினோம். கேன்வாஸின் மேல் இன்னொரு சாக்கை நனைத்துப் போட்டோம். அரை மணி நேரத்தில் குஞ்சுகள் மேலே வருவது குறைந்தது. குளிர்ந்தால் மீனின் ஓட்டம் குறையும், மூச்சும் கழிவும் குறையும். அதற்குப் பிறகு நான் ஒரு பையைக்கூடத் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்காக இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கவிழ்ந்த லாரியை ஒதுக்கி வழி விட்டு, நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஆறு பெண்களும் கரையில் தேங்காய், சூடம், வெற்றிலை வைத்துக் காத்திருந்தார்கள். பைகளைத் திறக்காமல் அப்படியே குளத்தில் மிதக்கவிடச் சொன்னேன், இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று.

"அஞ்சு மணி நேரமா பைக்குள்ள கெடந்ததுங்க. இன்னும் எதுக்கும்மா? அவுத்து விடு!" என்றார் சரோஜா அக்கா.

"அக்கா, இருபது நிமிஷம்."

"வந்து எறங்கினப்ப நீ எங்களவிட மீனுக்கு ரொம்பப் பாவம் பாக்கிற மாதிரி இருந்துச்சு. இப்ப ஏன் இப்படிக் கல்லாயிட்ட?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் எங்கேயோ குத்தியது. இருபது நிமிடம் கழித்து ஒவ்வொரு பையாக அவிழ்த்து, அவிழ்த்த கையோடு குளத்தில் கவிழ்த்தோம். வலது பக்கத்து நான்கு பையும் நன்றாக இருந்தன. குஞ்சுகள் அம்பு மாதிரி பாய்ந்தன. இடது பக்கத்து ஐந்தில் பாதிதான் நீந்தின. செத்த மீதியை அள்ளி ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டோம்.

அந்த நேரம் பார்த்து அசிஸ்டண்ட் மேனேஜரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரோஜா அக்கா பேசினைத் தரையில் கவிழ்த்து, அதன் மேல் ஸ்டூலில் உட்காருவதுபோல உட்கார்ந்துவிட்டார்.

"இக்கான் அடா?" என்று கேட்டார் அவர். மீன் இருக்கிறதா?

"அடா, துவான்! பன்யாக்!" என்றார் அக்கா, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல். நிறைய இருக்கிறதாம்.

அவர் கரையில் குனிந்து பார்த்தார். நிழல் விழும் ஓரத்தில் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பின, மொத்தமாக ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். குளம் பெண்களிடமே நின்றது. பேசினிலிருந்து எழுந்த அக்காவின் கைலியில் மீன் நாற்றம். மற்றவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார்கள். நானும் சிரித்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை.

சிரிப்பு அடங்கியதும் சரோஜா அக்கா கேட்டார்: "ஏம்ப்பா இவ்வளவு செத்துச்சு? எந்த ரோட்டுல வந்தீங்க?"

"பழைய ரோடு," என்றார் அண்ணன்.

"ஹைவே இருக்கும்போது பழைய ரோட்டுல என்னா வேல? டீக்கடைக்கா?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவேயில்லை. "ஆமாக்கா, என் தப்புதான். நாசி லெமாக் சாப்பிடலாம்னு திருப்பிட்டேன்," என்றார். அந்தப் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். தொந்தியைக் காட்டி, அத்தனை குஞ்சும் அங்கேதான் போயிருக்கிறது என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வரும்போது லாரியில் சொன்னேன்: "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"ஒனக்கு இருக்கிற நெலமையில ஏச்சு கேக்கணுமா? எனக்கு என்னா, தோல் தடிச்சுப் போச்சு. நீ ரிப்போட்டுல எழுதறத எழுது."

வெயில், நெரிசல் என்று எழுதினேன். பொய்யில்லை. இடது பக்கத்தில்தான் வெயில் அடித்தது. தீனி தின்ற குஞ்சுகளும் இடது பக்கத்தில்தான் இருந்தன. ஆறையும் ஒரே பக்கம் அடுக்காமல் கலந்து அடுக்கியிருந்தால் எனக்கு இன்று விடை தெரிந்திருக்கும். தெரிய வேண்டும் என்றா அப்போது யாராவது அடுக்குவார்கள்? காக் ரிப்போர்ட்டைப் படித்தார், தீனி மிச்சம் ஒதுங்கும் முதல் தொட்டி வடிகட்டியைப் போய்ப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சிவப்பு அட்டை வந்தது. "நாளை பயணம், தீனி இல்லை" என்று மூன்று மொழியில் எழுதியிருக்குமே, அது என்னால் வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, தற்செயல் என்று மறுநாள் தோன்றும்.

அந்தக் குளம் இப்போது நன்றாக நடக்கிறது. இரண்டாவது முறை குஞ்சு கேட்டபோது சரோஜா அக்கா பண்ணைக்குப் போன் செய்து, முனியாண்டி வேண்டாம், வேறு டிரைவரை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். விளையாட்டாக ஆரம்பித்தது அவர்களிடம் உண்மையாகவே நின்றுவிட்டது. அண்ணன் அதையும் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் லூனாஸ் பக்கம் போகும் டிரைவர்கள் பட்டியலில் அவர் பெயர் இப்போது இல்லை. அவருடைய அக்கா வீடு அங்கேதான். டெலிவரிக்குப் போகும்போது ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வருவது அவருக்கு வழக்கம். இது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது, அதுவும் அவர் மனைவி சொல்லி.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தக் குளத்தில் வலை போடுகிறார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு கட்டாயம் வர வேண்டும் என்று சரோஜா அக்கா மூன்று முறை அழைத்துவிட்டார். "ஐஸ் வச்சு எங்க குளத்தைக் காப்பாத்துன பொண்ணு" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாராம். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லலாமா? அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாமா? முதலில் அண்ணனைக் கேட்க வேண்டுமா? கேட்டால் வேண்டாம் என்பார், எனக்கு அது வசதியாகப் போய்விடும். அவர் எனக்காகச் சுமந்ததை நான் ஊர் நடுவில் போட்டு உடைத்தால் அவர் மனம் சங்கடப்படுமா, லேசாகுமா? சொல்லிவிட்டால் எனக்கு ஆறுதல் கிடைக்கும். அந்த ஆறுதலுக்காகத்தான் சொல்ல நினைக்கிறேனோ என்றும் பயமாக இருக்கிறது.

நீங்கள் மூவரும் என்னைவிடச் சின்னவர்கள், இந்த வேலைக்குப் புதியவர்கள். அண்ணனோடு தினமும் பேசுகிறவர்கள். என்னைவிட உங்களுக்குத் தெளிவாகத் தெரியலாம். நான் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் போதும்.